30 வயசுல எம்.பி.பி.எஸ்.: ஃபீஸைவிட பெரிய செலவு ஒண்ணு இருக்கு

ஒவ்வொரு வருஷமும் நீட் ரிசல்ட் வர்ற வாரத்துல இந்தக் கேள்வி தவறாம வந்துடும். வயசு 28, 30, 32. வேலை ஓ.எம்.ஆர்.லயோ மெப்ஸ்லயோ. பள்ளிக்கூடத்துல இருந்தே டாக்டர் ஆகணும்னு ஆசை, ஏதோ காரணத்தால இன்ஜினியரிங் போயாச்சு. இப்ப கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. வேலையை விட்டுட்டுப் படிக்கலாமா?

2025-ல இந்தக் கேள்விக்கு ஒரு முகமும் கிடைச்சுது. தென்காசியைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அமுதவள்ளி, 49 வயசுல, மகளோட சேர்ந்து நீட் எழுதி, மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். அதுக்கு முன்னாடி 2020 டிசம்பர்ல, ஒடிசாவில் ஓய்வுபெற்ற ஸ்டேட் பாங்க் அதிகாரி ஜெய் கிஷோர் பிரதான், 64 வயசுல புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்த மாதிரி செய்திகளைப் படிச்சா யாருக்கும் உற்சாகம் வரும். ஆனா 30 வயசுல வேலையை விடப் போறவர் ஒண்ணைக் கவனிக்கணும். பிரதான் சம்பாதிக்க வேண்டிய காலத்தை முடிச்சுட்டுப் போனவர். நீங்க அந்தக் காலத்துக்கு நடுவுல போறீங்க. ரெண்டு பேரோட பணக்கணக்கும் ஒண்ணு கிடையாது. இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பத்தித்தான்.

முதல்ல சட்டம்

நீட் எழுதக் குறைந்தபட்ச வயது 17. உச்ச வரம்பு இல்லை. நடுவுல ஒரு தடை வந்தது: 2018 ஜனவரியில் பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று வரம்பு வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த வருஷ நவம்பரில் 25 தாண்டியவர்களும் தற்காலிகமாக எழுதலாம் என்று உத்தரவு வந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் வரம்பையே எடுத்துவிட்டது.

இன்னொரு மாற்றம் நம்ம இன்ஜினியர்களுக்கு முக்கியம். பிளஸ் டூ-வில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு உயிரியல் இருந்திருக்காது. முன்பு அதோடு கதவு மூடிவிடும். 2023 நவம்பர் அறிவிப்புக்குப் பிறகு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலத்தோடு பிளஸ் டூ முடித்தவர் அங்கீகாரம் பெற்ற ஒரு போர்டில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட்டுக்குத் தகுதி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக இதை எழுதுறவங்க நிறைய பேர். அதுக்கே ஒரு வருஷம் ஓடிடும்னு வெச்சுக்கங்க.

நீங்க பி.இ. முடிச்சிருக்கீங்கன்னு எம்.பி.பி.எஸ்.ல ஒரு நாள்கூடக் குறையாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கு நாலு வருஷ மருத்துவப் படிப்பு தனியா இருக்கு. இங்கே அப்படி ஒன்று இல்லை. 17 வயசுப் பையனுக்கும் உங்களுக்கும் அதே நாலரை வருஷம், பிறகு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மொத்தம் ஐந்தரை. மாலை நேர வகுப்பு, தபால் வழி, வார இறுதி எதுவும் கிடையாது. வகுப்புக்கு 75%, செய்முறைக்கு 80% வருகை கட்டாயம். அதாவது, படிப்பு ஆரம்பிச்ச நாள்ல சம்பளம் நிக்கும். "சைடுல ஃப்ரீலான்ஸ் பண்ணிக்கலாம்"னு திட்டம் போடாதீங்க. முதல் வருஷ உடற்கூறியல் அதை நடக்க விடாது.

எந்த சீட் என்பதுதான் எல்லாமே

தாம்பரத்துல இருந்து பாத்தா சுத்திலும் மருத்துவக் கல்லூரிகள்தான். குரோம்பேட்டையில ஒண்ணு, வண்டலூர் தாண்டி ரத்தினமங்கலத்துல ஒண்ணு, காட்டாங்கொளத்தூர்ல ஒண்ணு, கேளம்பாக்கத்துல ஒண்ணு. இவ்வளவு பக்கத்துல இருக்கே, எப்படியாவது ஒண்ணுல சேர்ந்துடலாம்னு தோணும். பக்கத்துல இருக்கிற அந்த நாலும் தனியார் கல்லூரியோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோதான்.

அரசுக் கல்லூரிகளும் தூரம் இல்லை. 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி இதே ரயில் பாதையில் தெற்கே. வடக்கே, பீச் போற மின்ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் சென்னை மருத்துவக் கல்லூரி, சேத்துப்பட்டில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கீழ்ப்பாக்கம். சீசன் டிக்கெட்டிலேயே எம்.பி.பி.எஸ். முடிக்கக்கூடிய ஊர் தாம்பரம். மார்க் மட்டும் வேணும்.

அந்த மார்க்கில்தான் பணமே இருக்கு. அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் வருஷத்துக்குச் சுமார் நாலரை லட்சம். படிப்பு முடிய 20 லட்சத்தைத் தொடும். நிர்வாக ஒதுக்கீடு வருஷத்துக்குச் சுமார் பதிமூன்றரை லட்சம், மொத்தம் 60 லட்சம் வாக்கில். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கே 20 லட்சத்தைத் தாண்டும், மொத்தம் ஒரு கோடி பக்கம் போகும். விடுதி, பரீட்சைக் கட்டணம் தனி. அதே பட்டம், அதே பதிவு எண், அதே ஸ்டெதஸ்கோப். நீட்டில் நீங்க வாங்கும் மார்க்தான் விலையை நிர்ணயிக்குது.

ஆனா போட்டியும் அந்த அளவுக்குத்தான் இருக்கு. 2025-ல் நாடு முழுக்க 22 லட்சத்துக்கும் மேல் எழுதினாங்க. மொத்தம் 720 மார்க், அதில் 360 உயிரியல். கோச்சிங் சென்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து ரெண்டாவது, மூணாவது தடவை எழுதும் பசங்களோடு, ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்குப் புத்தகம் திறக்கும் நீங்க போட்டி போடணும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம்: 7.5% உள் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்தது. போன வருஷம் பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு மட்டும்தான்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 2022 ஜனவரியில், தர்மபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவப்பிரகாசம் 61 வயசுல இந்த ஒதுக்கீட்டின் கீழ் கலந்தாய்வுக்கே வந்தார். இடம் கிடைக்கும் நிலையில், தன் மகனின் யோசனையைக் கேட்டு, ஒரு இளம் மாணவருக்கு அது போகட்டும் என்று விலகிக்கொண்டார். அவர் செய்தது சரியா என்பது அவருடைய விருப்பம். 30 வயசுக்காரர் அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்களுக்கு முன்னால் இன்னும் முப்பது வருஷம் டாக்டராக வேலை செய்யும் காலம் இருக்கு. அரசுப் பள்ளியில் படிச்சவரா நீங்க? அப்படின்னா உங்க கட்-ஆஃப் வேற, செலவும் வேற. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பழைய பள்ளிக்குப் போய் படிப்புச் சான்றிதழ் வாங்குறதுதான் முதல் வேலை.

ஃபீஸைவிட பெரிய செலவு

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம். வயசு 29. சேலையூர்ல வாடகை வீடு. கைக்கு வர்ற சம்பளம் 60,000. மாச செலவு 35,000, எஸ்.ஐ.பி. 20,000. ஒரு வருஷம் வேலையில இருந்துக்கிட்டே படிச்சு, 30-ல அரசுக் கல்லூரியில சேர்ந்துட்டார். ரொம்ப நல்ல நிலைமையைத்தான் எடுத்திருக்கேன்.

ஐந்தரை வருஷம்னா 66 மாசம். இன்க்ரிமென்ட் ஒரு ரூபாய்கூட இல்லைன்னு வெச்சாலும் விட்டுப்போற சம்பளம் 39.6 லட்சம். இது எல்லாருக்கும் தெரியுற கணக்கு. தெரியாத கணக்கு அந்த 20,000 எஸ்.ஐ.பி.ல இருக்கு. 66 மாசம், வருஷம் 10% என்று எடுத்தால் அது 17.5 லட்சம் ஆகியிருக்கும். அதைத் தொடாமல் 60 வயசு வரை விட்டிருந்தால் சுமார் 2 கோடி. 6% விலைவாசி உயர்வைக் கழிச்சுப் பாத்தா இன்றைய மதிப்பில் 35 லட்சம் சொச்சம். 10% உத்தரவாதம் இல்லைதான், ஆனா அளவு புரியுதுல்ல? அரசுக் கல்லூரி "இலவசம் மாதிரி"ன்னு சொல்றோம். 18 வயசுக்காரருக்கு அது உண்மை. 30 வயசுக்காரருக்கு அந்த இலவசப் படிப்பே அரை கோடி ரூபாய் படிப்பு.

சரி, அரை கோடி காகிதத்துல. கையில எவ்வளவு வேணும்? அதே 35,000 செலவு, வருஷம் 6% ஏறினால், ஐந்தரை வருஷத்துக்கு சுமார் 26.5 லட்சம். கடைசி ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகை மாசம் 25,000 வாக்கில் வரும், அது 3 லட்சம். கட்டணம், புத்தகம், இதர செலவுக்கு ஒன்றரை லட்சம் சேர்த்தால், 25 லட்சம். இந்தப் பணத்தை எஃப்.டி., லிக்விட் ஃபண்டில் போட்டு விலைவாசி அளவுக்கு வட்டி வந்தால் 22 லட்சத்தில் தொடங்கலாம். வாழ்க்கைத்துணை சம்பாதிக்கிறார், அல்லது சொந்த வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கீங்கன்னா இது பாதிக்கும் கீழே வரும். என் அளவுகோல் இதுதான்: இந்தத் தொகை கையில் இல்லாமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். நீட் மார்க் வரும் முன்னாடியும் எழுத வேண்டாம்.

கடன் வாங்கிப் படிக்கலாமே? அரசு சீட்டுக்கு அதுக்குத் தேவையே இல்லை. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம்னா, குடும்பத்தில் இன்னொரு சம்பளம் இருந்தால் யோசிக்கலாம். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 60 லட்சம் கடன்? கணக்குப் போட்டுக் காட்டுறேன். வருஷத்துக்கு 12 லட்சமாக ஐந்து தவணையில் வாங்கி, 10.5% வட்டி, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிக்கிறீங்க. அதுக்குள்ள சாதா வட்டியே 28 லட்சம் சேர்ந்து கடன் 88 லட்சம் ஆகியிருக்கும். 15 வருஷத் தவணைன்னா மாசம் 97,000-க்கு மேல. 36 வயசுல ஆரம்பிச்சு 51 வரைக்கும். அரசு உதவி மருத்துவர் வேலையில் அடிப்படைச் சம்பளம் 56,100-ல் தொடங்குது. அகவிலைப்படி எல்லாம் சேர்ந்தால் கூடும், ஆனா அதுல பெரும்பங்கை பாங்கே எடுத்துக்கும். தனியார் மருத்துவமனையில் வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு டூட்டி டாக்டராகச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம், நீங்க விட்டுட்டு வந்த ஐ.டி. சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

கடன் வட்டிக்கு 80இ பிரிவில் வரிவிலக்கு இருக்கேன்னு கேப்பீங்க. அது பழைய வரி முறையில் மட்டும், கட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்து எட்டு வருஷத்துக்கு மட்டும். வருமானம் இல்லாத படிப்புக் காலத்தில் அதால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. அடமானம் இல்லாமல் பாங்குகள் பொதுவாகத் தரும் கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைதான். அதுக்கு மேல போனா பெருங்களத்தூர்லயோ கூடுவாஞ்சேரிலயோ அப்பா கட்டின வீட்டுப் பத்திரம் மேசைக்கு வரும். அந்த வீட்டை உங்க ஆசைக்குப் பிணையா வைக்கலாமான்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க மட்டும் இல்லை.

படிக்க வயது வரம்பு இல்லை, வேலைக்கு உண்டு

சீட்டுக்கு வரம்பை எடுத்துட்டாங்கன்னு சந்தோஷப்படுறோம். பட்டம் வாங்கிட்டு வெளிய வந்தா வேற ஒரு வரிசை நிக்குது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வுக்குப் பொதுவான வரம்பு 32. ராணுவ மருத்துவப் பிரிவின் குறுகிய காலப் பணிக்கு, எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு 30. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் பணிக்கு, சமீபத்திய அறிவிப்புகளின்படி, பொதுப் பிரிவினருக்கு 37. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இந்தத் தடை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

இதை நம்ம உதாரணத்தில் பொருத்திப் பாருங்க. 30-ல் சேர்ந்தவர் முப்பத்தைந்தரையில் வெளியே வருவார். பொதுப் பிரிவு என்றால் மாநில அரசுத் தேர்வுக்கு ஒன்றரை வருஷ அவகாசம்தான். 32-ல் சேர்ந்தால் அந்தக் கதவு முழுசா மூடிடும். நீட்டை ரெண்டு தடவை கூடுதலா எழுதிப் பாக்கலாம்னு முடிவு பண்றவர், போறது ரெண்டு வருஷம் மட்டும்தானா, இல்லை ஒரு அரசு வேலையுமான்னு முதல்ல பாக்கணும்.

முதுநிலைப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை, ஆனா மேலும் மூணு வருஷம். இப்ப சென்னைப் புறநகரில் எம்.டி., எம்.எஸ். இல்லாத டாக்டருக்கு பெரிய மருத்துவமனைகளில் வளர்ச்சி குறைவு. முதுநிலைப் படிப்பில் உதவித்தொகை வரும், அதனால் பணக்கஷ்டம் முதல் ஐந்தரை வருஷம் மாதிரி இருக்காது. நாற்பது வயசை நெருங்கும்போதுதான் நிஜமான சம்பாத்தியம் ஆரம்பிக்கும்னு மனசுல எழுதி வெச்சுக்கங்க.

குறுக்கு வழிகள் பத்தியும் சொல்லிடறேன். வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தகுதி வேணும். 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, பிறகு இங்கேயும் ஒரு வருஷப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் பெரும்பாலும் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. காலம் குறையாது, கூடும். சித்த மருத்துவமும் அப்படித்தான்: அதுக்கும் நீட், அதுக்கும் ஐந்தரை வருஷம். தினமும் சானடோரியம் ஸ்டேஷனில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் பலகையைப் பார்த்துட்டு இங்கேயே சேரலாமேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல், அது முதுநிலைப் படிப்புக்கான இடம். பி.எஸ்.எம்.எஸ். படிக்க அரசுக் கல்லூரி அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் இருக்கு.

ராஜினாமாவுக்கு முன்னாடி

இதெல்லாம் பாத்தும் போறேன்னு நிக்கிறவங்க இருப்பீங்க. எனக்கும் அவங்களைத்தான் பிடிக்கும். சம்பளச் சீட்டு கையில இருக்கும்போதே சில வேலைகளை முடிச்சுடுங்க.

டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்க. வருமானச் சான்று இல்லாத மாணவருக்கு நிறுவனங்கள் பெரிய தொகைக்கு பாலிசி தராது. வேலையில் இருக்கும்போது எடுத்தது, பிரீமியம் கட்டும் வரை அப்படியே நிக்கும். அலுவலக மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போயிடும், அதனால் சொந்த பாலிசி ஒண்ணு குறைந்தது ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சா காத்திருப்புக் காலம் கொஞ்சம் கரைஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியிலேயே படிக்கப் போறோம், காப்பீடு எதுக்குன்னு நினைக்க வேண்டாம். அப்பா அம்மாவுக்கு யார் கட்டுறது?

கிராஜுவிட்டி தேதியைப் பாருங்க. ஐந்து வருஷத் தொடர் பணி வேணும். நாலு வருஷம் 240 நாள் முடிந்தாலும் ஐந்தாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, ஆனா எல்லா நிறுவனமும் சண்டையில்லாமல் தராது. நாலே முக்கால் வருஷத்தில் இருக்கீங்க, கலந்தாய்வு ஆகஸ்டில் வருதுன்னா எச்.ஆர்.கிட்ட முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைங்க. பி.எஃப். பணத்தை ஐந்து வருஷப் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு. முழுத் தொகையையும் எடுப்பதற்கான காத்திருப்புக் காலத்தை 2025 அக்டோபரில் இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டிக்க முடிவெடுத்திருக்காங்க, அதனால் முதல் வருஷச் செலவுக்கு அதை முழுசா நம்பாதீங்க. கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், பைக் லோன் எல்லாம் சம்பளத்தில் இருக்கும்போதே பூஜ்யம் ஆகணும்.

ஒரு சின்ன நல்ல செய்தியும் இருக்கு. சம்பளம் இல்லாத வருஷங்களில் உங்க வரி கிட்டத்தட்ட பூஜ்யம். புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம். எஃப்.டி. வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்காமல் இருக்க பாங்கில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துடுங்க. பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் நீண்டகால லாபம் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை ஏற்கெனவே வரி இல்லை. வேறு வருமானம் இல்லாதவர் பயன்படுத்தாத அடிப்படை விலக்கையும் அதோடு சேர்த்துக்கலாம். பழைய முதலீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு பண்ண இதைவிட நல்ல வருஷங்கள் கிடைக்காது. வருமானம் இல்லைன்னு ரிட்டர்ன் தாக்கல் பண்ணாம விட்டுடாதீங்க, பிறகு கடனுக்கோ விசாவுக்கோ கேப்பாங்க.

வேலையை விடாமலேயே முதல் தடவை நீட் எழுதிப் பாக்கலாம். வழக்கமா மே மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அதுவரை மாசச் செலவை 35,000-க்குள்ள நிறுத்தி வாழ்ந்து பாருங்க, மிச்சம் அத்தனையும் லிக்விட் ஃபண்டுக்குப் போகட்டும். சீட் கிடைக்கலைன்னாலும் அந்தப் பணம் உங்ககிட்டதான் இருக்கும்.